சில்வர் பீச் குதிரை சவாரிக்குத் தடை கேட்கும் மனு: கையெழுத்துப் போடலாமா?

கெடிலக்கரை எழுதியது:

எங்கள் குடியிருப்பில் ஒரு மனு சுற்றி வருகிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குதிரை சவாரியை அடியோடு நிறுத்த வேண்டும் என்று கலெக்டருக்கு எழுதியிருக்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மனுவில் இருப்பதெல்லாம் என் கண்ணிலும் படுபவைதான். வாயோரத்தில் புண், எண்ணிவிடலாம் போலத் தெரியும் விலா எலும்பு, உச்சி வெயிலில் நிழலில்லாமல் நிற்பது, தொண்ணூறு கிலோ ஆளை மட்டக்குதிரை மேல் ஏற்றிப் படம் எடுப்பது.

இன்னொரு பக்கம், ஒன்பது வயது மகள் ஆரோவில் பக்கம் குதிரையேற்றம் கற்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். குதிரைகள் பளபளவென்று இருக்கின்றன, லாயத்தில் மின்விசிறி ஓடுகிறது. மகளைக் காசு கட்டி அங்கே ஏற்றிவிட்டு, இங்கே பீச் குதிரைக்காரரின் பிழைப்பை நிறுத்தச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் ஒன்றா, வேறா? குதிரை வைத்திருப்பவர்கள், மருத்துவர்கள், எதிர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

உயிர்நேயன் எழுதியது:

கையெழுத்துப் போடுங்கள் அக்கா. மகளையும் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

குதிரையின் கீழ்த்தாடையில் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் உட்காருகிறது. ஈறு மெல்லியது, அதற்கடியில் நேரே எலும்பு. லகானை இழுக்கும் பலமெல்லாம் அங்கேதான் போய் இறங்குகிறது. நானூறு கிலோ விலங்கு ஒரு குழந்தை சொன்னபடி திரும்புவதற்கு அன்பு காரணம் என்று சொல்லிக்கொள்கிறோம். வலிக்கும் என்று அதற்குத் தெரியும், அதனால் திரும்புகிறது.

போட்டி என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட், நவீன பென்டத்லான் (குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுப் போட்டி). முதலிடத்தில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் குலுக்கலில் செயின்ட் பாய் என்ற குதிரை கிடைத்தது. அந்தப் போட்டியில் முன்பின் தெரியாத குதிரையோடு பழக 20 நிமிடம்தான். குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சவுக்கால் அடித்தார், வேலிக்கு வெளியே இருந்த பயிற்சியாளர் கையால் குத்தினார். பயிற்சியாளரை அந்த ஒலிம்பிக்கில் இருந்து நீக்கினார்கள். பாரிஸ் 2024 முடிந்ததோடு பென்டத்லானில் இருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். என்னால் முடியாது என்று ஒரு குதிரை சொன்னதை அன்றைக்கு உலகம் கேட்டது. நம் ஊரும் கேட்கட்டும்.

செம்புழுதி எழுதியது:

நான் தடை தாண்டும் போட்டிகளில் கலந்துகொள்கிறவள். டோக்கியோவில் நடந்ததைப் பார்த்து எங்கள் லாயத்தில் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. ஆனால் சார், அங்கே தப்பு குலுக்கலில் இருந்தது. தெரியாத குதிரையில் ஏறி அதே நாளில் தாண்டு என்றால் எந்தக் குதிரையும் மிரளும். எங்கள் போட்டிகளில் அப்படி இல்லை, ஒரே குதிரையோடு வருடக்கணக்கில் வேலை செய்கிறோம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி (குதிரையை நுணுக்கமான நடை, அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கித் தங்கள் குதிரையோடு உழைத்தவர்கள். பயந்து நடுங்கும் குதிரையை வைத்து அந்த அளவு நுணுக்கமாக ஆட முடியாது.

எங்களுக்கு மூக்குப்பட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பதற்குக்கூட விதி உண்டு, அளந்து பார்க்கிறார்கள். சவுக்கு எத்தனை தடவை என்பதற்கும் விதி உண்டு. பீச்சில் அதை யார் பார்க்கிறார்கள்?

உயிர்நேயன் எழுதியது:

விதி இருக்கிறது, சரி. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஷார்லட் டுஜார்டின் பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்னால் ஏன் விலகினார்? பயிற்சியின்போது குதிரையின் காலில் திரும்பத் திரும்ப நீளச் சவுக்கால் அடித்த வீடியோ வெளியே வந்தது. ஓராண்டுத் தடை போட்டார்கள். அவர் செய்தது டிரெஸ்ஸாஜ்தான். நீங்கள் நுணுக்கம் என்று சொன்ன அதே கலை.

அப்புறம், குதிரைத் தோல் தடிப்பு, அடித்தால் அவ்வளவாக உறைக்காது என்பார்கள். 2020இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். மேல்தோலின் தடிப்பிலும் அங்குள்ள நரம்பு நுனிகளின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நமக்கு வலிப்பதுபோல் அதற்கும் வலிக்கும்.

கொள்ளுப்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பழைய கடலூர். அப்பா ஜட்கா ஓட்டினவர். என்னிடம் ஒரு பெண் குதிரையும் ஒரு மட்டக்குதிரையும் இருக்கின்றன. முகூர்த்தத்துக்குச் சாரட்டு, சனி ஞாயிறு பீச்.

உயிர்நேயன் தம்பி கடிவாளம் பற்றிச் சொன்னது பொய்யில்லை. முள் வைத்த இரும்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நானே திட்டியிருக்கிறேன். பீச்சில் நான் இரும்பு போடுவதில்லை. முகக்கயிறுதான், கூடவே நடந்து பிடித்துக்கொள்வேன். சாரட்டுக்கு மட்டும் இரும்பு, ஏனென்றால் அங்கே பட்டாசு, பேண்டு, டிராபிக். பிடி நழுவினால் கூட்டத்துக்குள் போய்விடும்.

ஆனால் யாருமே கேட்காத ஒன்று உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் புயல், மழை, பீச்சில் ஆள் இல்லை. மார்கழியில் முகூர்த்தம் இல்லை. குதிரைக்கு எல்லா மாதமும் பசிக்கும். விலா தெரிகிறது என்று படம் எடுக்கிறீர்களே, அது பெரும்பாலும் அந்த மாதங்களின் பாக்கி. தொண்ணூறு கிலோ ஆளை நான் ஏற்ற மாட்டேன் என்றால் அவர் பக்கத்துக் குதிரைக்குப் போகிறார். நான் மட்டும் மறுத்து என்ன ஆகும்? எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடு போட்டால் முதலில் சந்தோஷப்படுகிற ஆள் நான்தான். தடை போட்டால் என் குதிரையை யார் வாங்குவார்? எதற்கு வாங்குவார்? அதை யாராவது சொல்லுங்கள்.

வழக்கேடு எழுதியது:

கொள்ளுப்பை அண்ணன் கேட்கும் கட்டுப்பாடு ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சுமை, வண்டி விலங்குகளுக்கான 1965 விதிகளைப் பாருங்கள். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடாது. மட்டக்குதிரை முதுகில் ஏற்றும் சுமை 70 கிலோவைத் தாண்டக் கூடாது. இது மூட்டைக்கு எழுதிய அளவுதான். ஆனால் 70 கிலோ அரிசி மூட்டைக்கு மேல் தாங்காத முதுகு 90 கிலோ மனிதரை மட்டும் தாங்குமா? சித்திரை, வைகாசியில் கடலூர் வெயில் 37ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த ஒரு விதியை மட்டும் அமல்படுத்தினாலே மனுவில் பாதிக்கு வேலை இருக்காது.

அமலாகாததற்குக் காரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய். அறுபது வருடத்துக்கு மேலாக அதே தொகை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 தீர்ப்பு, 2017 சட்டத் திருத்தம், 2023 தீர்ப்பு என்று மாட்டின் வலி, பயம், இயல்பு எல்லாவற்றையும் உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாகப் பேசியது. குதிரைப் பந்தயம் குறித்து 1996இல் அதே நீதிமன்றம் சொன்னது வேறு. அது சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்றது. யாருடைய திறமை, யாருடைய பணம் என்பதுதான் அங்கே கேள்வி. ஓடுகிற குதிரைக்கு என்ன ஆகிறது என்பது கேள்வியாகவே வரவில்லை. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோதும் நாம் பேசியது 160 ஏக்கரையும் வருடத்துக்கு 614 ரூபாய் குத்தகையையும்தான். அங்கிருந்த குதிரைகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசினோம்?

நெல்லிக்குப்பம்_கரும்பு எழுதியது:

உயிர்நேயன் தம்பிக்கு ஒரு கேள்வி. எங்கள் பக்கம் கரும்பு வெட்டும்போது கண்ணாடி விரியன் கடிக்கும். ஜி.எச்.சில் போடும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலும் விஷம் எடுக்கிறது. அந்த மாதிரி விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் இருந்து மருந்து பிரிக்கிறார்கள். என் தம்பி உயிரோடு இருப்பது அதனால். குதிரையை மனிதன் எதற்குமே பயன்படுத்தக் கூடாது என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்?

உயிர்நேயன் எழுதியது:

உங்கள் தம்பி பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அந்த மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு உயிரைக் காக்க வேறு வழி இல்லாதபோது எடுப்பதும், ஞாயிறு மாலைப் பொழுதுபோக்குக்கு எடுப்பதும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை இல்லை. குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் விஷத்தை முறிக்கும் அந்தப் பொருளை உருவாக்க விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். வெற்றி பெறட்டும் என்று காத்திருக்கிறேன். பீச் சவாரிக்கு எந்த ஆய்வும் தேவையில்லை, நாளைக்கே நிறுத்தினால் ஒருவருக்கும் உயிர் போகாது.

கொள்ளுப்பை எழுதியது:

தம்பி, எனக்கும் என் குதிரைக்கும் சோறு போகும்.

பாண்டி_கால்நடை எழுதியது:

நான் முத்தியால்பேட்டையில் இருக்கும் கால்நடை மருத்துவர். மாடு, ஆடுதான் அதிகம் வரும், குதிரையும் அவ்வப்போது பார்க்கிறேன். இதுவரை எல்லோரும் பேசியது மனிதன் மேலே உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றி. என்னிடம் வரும் குதிரைகளைக் கெடுத்தது பெரும்பாலும் மிச்ச நேரம்.

முதலில் வயிறு. குதிரைக்கு வயிறு சிறியது, அதில் அமிலம் நிற்காமல் சுரக்கும். காட்டிலோ மேய்ச்சலிலோ விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும். புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அமிலம் அடங்கும். நாம் என்ன செய்கிறோம்? காலையில் ஒரு வாளி கொள்ளு தவிடு, ராத்திரி ஒரு வாளி, நடுவில் காலி வயிற்றோடு வேலை. வயிற்றில் புண் வரும். பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, அவை விலை உயர்ந்த குதிரைகள். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி வந்தால் புரண்டு புரண்டு குடல் முறுக்கிச் சாகும். பீச்சில் இன்னொன்றும் உண்டு. தரையில் தீவனம் கொட்டினால் அதோடு மணலையும் தின்னும். மணல் பெருங்குடலில் போய்ச் சேர்ந்து அடைக்கும். தீவனத்தை ஒரு தொட்டியிலோ வலையிலோ வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அடுத்தது புல். இங்கே எல்லோரும் மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லைத்தான் குதிரைக்கும் போடுகிறார்கள். மலிவு, எளிதில் கிடைக்கும். அதில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை, ஆக்சலேட் புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு வெளியே தள்ளிவிடும். கூடவே தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அது சுண்ணாம்புப் பற்றாக்குறையை இன்னும் கூட்டும். உடம்பு தன் எலும்பில் இருந்தே சுண்ணாம்பை உருவும். மூக்கெலும்பும் தாடையும் வீங்கும், நடை தடுமாறும், சாதாரணத் தடுக்கலிலேயே எலும்பு முறியும். வயிறு நிறையத் தின்றுகொண்டிருக்கும் குதிரைக்குத்தான் இது வருகிறது. வைத்திருப்பவர் கொடுமைக்காரர் இல்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது துணை. கெடிலக்கரை அம்மா, மின்விசிறி ஓடும் லாயம் என்று எழுதியிருந்தீர்கள். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனி அறையில் நாள் முழுக்க அடைத்து ஒரு மணி நேரம் மட்டும் வெளியே எடுத்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மனது கெட்டுவிடும். நின்ற இடத்தில் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும், கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும். பீச்சில் பக்கத்துக் குதிரையின் பிடரியைச் சொறிந்துகொண்டு நிற்கும் மட்டக்குதிரைக்கு அந்த ஒரு விஷயத்தில் நல்ல வாழ்வு. அதனால் பணக்கார இடம் நல்லது, ஏழை இடம் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

செம்புழுதி எழுதியது:

டாக்டர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் லாயத்தில் தினமும் திறந்த வெளியில் சேர்த்து விடுகிறோம், அதையே ஒரு ஆடம்பரம் மாதிரிச் சொல்லும் இடங்களும் உண்டு. ஒரு கேள்வி. சேணம் போட்டு ஏறும்போது குதிரைக்கு வலி இருக்கிறதா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? காது பின்னால் போனால் திமிர் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாண்டி_கால்நடை எழுதியது:

நல்ல கேள்வி. பிரிட்டனில் சூ டைசன் என்ற மருத்துவர் ஏறியிருக்கும் குதிரைகளைக் கவனித்து 24 நடத்தைகளைக் குறித்து வைத்தார். காதைப் பின்னால் மடக்கி வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை வீசிக்கொண்டே இருப்பது, கண் வெள்ளை தெரிவது, தலையை உதறுவது, முன்னே போக மறுப்பது போன்றவை. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். திமிர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி முதுகுவலி, பல்வலி, பொருந்தாத சேணம். உங்கள் பயிற்சியாளருக்கும் சொல்லுங்கள்.

வயது பற்றியும் ஒன்று. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். பந்தயத்தில் 2 வயதிலேயே ஓட விடுகிறார்கள். இளம் வயதில் அளவாக ஓடுவது எலும்பை உறுதியாக்கும் என்றும் ஆய்வுகள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அளவு எது என்பதைப் பரிசுப் பணம் தீர்மானிக்கும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்டி குறித்து எனக்கு இருக்கும் ஒரே எதிர்ப்பு இதுதான். நாளைக்குப் போட்டி இல்லையென்றால் இன்றைக்கு நொண்டும் குதிரைக்கு ஓய்வு கொடுப்பார்கள். போட்டி இருந்தால் ஊசி போடச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கொள்ளுப்பை எழுதியது:

டாக்டர், லாடத்தைப் பற்றியும் எழுதுங்கள். அப்பா காலத்தில் கடலூரிலேயே லாடம் அடிப்பவர்கள் இருந்தார்கள். இப்போது ஒருவர் வருவதற்கு நாள் கணக்கில் காத்திருக்கிறோம். மாட்டுக்கு லாடம் அடிப்பவரை வைத்துக் குதிரைக்கு அடித்து நொண்டியான கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

பாண்டி_கால்நடை எழுதியது:

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். ஆணி உயிரில்லாத ஓட்டுப் பகுதியில் இறங்கினால் வலி இல்லை, கொஞ்சம் உள்ளே போனால் அன்றைக்கே நொண்டும். பீச் மணலில் மட்டும் நடக்கும் குதிரைக்கு லாடமே தேவைப்படாமல் இருக்கலாம். தார் ரோட்டில் சாரட்டு இழுக்கும் குதிரைக்கு வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு இது பழைய வியாதி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதில்லையாம், செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம். குதிரை வாங்குவதற்குப் பணம் செலவழித்த அளவுக்கு, அதை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த ஆட்களுக்கு நாம் செலவழிக்கவில்லை. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் திரும்பப் போய், டாக்டர் சொன்ன கண்ணோடு பார்க்கப் போகிறேன். பள்ளியில் ஒரு கேள்வி கட்டாயம் கேட்பேன். குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும் என்றால், ஏற முடியாத வயதில் உங்கள் குதிரைகள் எங்கே போகின்றன? ஊட்டியில் வேலைக்கு ஆகாத மட்டக்குதிரைகள் ரோட்டில் குப்பை தின்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். இதற்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில் மகளைச் சேர்க்க மாட்டேன்.

மனுவை இப்படி மாற்றச் சொல்லப் போகிறேன். வெயில் காலத்தில் 12 முதல் 3 வரை சவாரி இல்லை. மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் யாரும் ஏறக் கூடாது, டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு எடை மெஷின் வைக்க வேண்டும். நிழலுக்குக் கொட்டகை, நல்ல தண்ணீர்த் தொட்டி, மணலில் படாமல் தீவனம் வைக்க இடம். முள் கடிவாளத்தைக் கண்டால் பறிமுதல். மழை மாதங்களில் தீவனத்துக்கு உதவி, பதிலுக்கு மருத்துவரின் சான்று இல்லாத குதிரை பீச்சுக்கு வரக் கூடாது. கொள்ளுப்பை அண்ணா, இதற்கு உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்வார்களா?

கொள்ளுப்பை எழுதியது:

எடை மெஷினுக்கு நானே காசு தருகிறேன் அம்மா. சான்றுக்கு ஒவ்வொரு தடவையும் பாண்டிக்கு ஓட முடியாது, மாதத்தில் ஒரு நாள் யாராவது தேவனாம்பட்டினம் வந்தால் எல்லோரும் கொண்டுவந்து நிறுத்துவோம். இரண்டு பேர் முரண்டு பிடிப்பார்கள், பேசிப் பார்க்கிறேன்.

உயிர்நேயன் எழுதியது:

இந்த மனுவில் என் பெயர் வராது அக்கா. கொட்டகை போட்டுத் தண்ணீர் வைத்தால் மனசாட்சி சமாதானமாகி, இன்னும் ஐம்பது வருடம் இது தொடரும் என்று பயப்படுகிறேன். மும்பையில் 2015இல் விக்டோரியா என்ற குதிரை வண்டிகளை உயர் நீதிமன்றம் நிறுத்தியது, ஓராண்டு அவகாசம் கொடுத்தது, வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்குத் திட்டம் கேட்டது. நான் கேட்பதும் அதுதான், பிழைப்புக்கு வழி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஆனால் அதுவரை அந்தக் குதிரைகள் வெயிலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொட்டகை போடும் நாளில் வேலைக்கு வருகிறேன். மனுவில் ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள்: இனிமேல் புதிதாகக் குதிரை வாங்கி பீச்சில் இறக்க அனுமதி கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

அந்த வரியைச் சேர்க்கிறேன் தம்பி. கொள்ளுப்பை அண்ணனுக்குச் சம்மதம் இருந்தால்.

கொள்ளுப்பை எழுதியது:

யோசித்துச் சொல்கிறேன் அம்மா. என் பையனுக்கு இந்தத் தொழிலில் ஆசை இருக்கிறது, அவனிடமும் பேச வேண்டும்.

டாக்டர், வேறு விஷயம். பக்கத்து லாயத்தில் ஒரு மட்டக்குதிரைக்கு ஒரு மாதமாக மூக்குக்கு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. பல்லில் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். போடுவது நேப்பியரும் தவிடும்தான். நீங்கள் எழுதினது இதுவா?

பாண்டி_கால்நடை எழுதியது:

பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட வேண்டிய அறிகுறிதான். தவிட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நேப்பியருக்குப் பதில் அருகம்புல் போடட்டும், குதிரை மசால் என்ற தீவனப் பயிர் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் சுண்ணாம்பு அதிகம். புல்லை மட்டும் ஒரே நாளில் முழுக்க மாற்ற வேண்டாம், வயிற்றுவலி வரும், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மாற்றட்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் மேலே ஏற்ற வேண்டாம், எலும்பு பலவீனமாக இருக்கும். குரும்பாப்பேட் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். வண்டி ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஞாயிறு காலை தேவனாம்பட்டினம் பக்கம் வருகிறேன். மற்ற குதிரைகளையும் அப்போதே பார்த்துவிடலாம்.